இருட்டில் நிற்கும் 500 கிலோ: பெரிய விலங்குகள் உலவும் சாலையில் பைக் ஓட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாலை மங்கி, இருட்டு இன்னும் முழுதாக இறங்காத நேரம். எதிரே வந்த லாரி ஹை பீமை இறக்கவே இல்லை. அது கடந்து போனபிறகும் இரண்டு மூன்று நொடிகளுக்கு என் கண்ணில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிதந்தது. அது கலைந்தபோது, சாலை நடுவில், சாலையைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக ஏதோ ஒன்று. கண் மின்னவில்லை. கொம்பின் வளைவில் மட்டும் ஹெட்லைட் ஒரு மெல்லிய கோடு போட்டது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பைக் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த எருமையின் விலாவில் காய்ந்து வெடித்திருந்த சேறு தெரிந்தது. அது தலையைக்கூடத் திருப்பவில்லை. வாலை ஒருமுறை வீசியது, அவ்வளவுதான்.

அன்று என்னைக் காப்பாற்றியது பிரேக் பிடித்த விதம் இல்லை. லாரி வெளிச்சம் கண்ணைக் கூசிய நொடியிலேயே ஆக்சிலேட்டரை விட்டிருந்தேன், அதுதான். விலங்கு நம் கண்ணில் படுவதற்கு முன்பே பெரும்பாலும் எல்லாம் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் விலங்கைப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில், எதிரே நிற்பது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

நன்கு வளர்ந்த பெரிய மாடோ எருமையோ 400 முதல் 600 கிலோ வரை இருக்கும். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் இருக்கும் மூஸ் மானில் பெரிய ஆண்கள் 600 கிலோவைத் தாண்டும். தோள் உயரமே 2 மீட்டர் வரை வரும். ஓட்டுநரோடு சேர்த்து உங்கள் பைக் 200, 250 கிலோ. காரில் போகிறவருக்கு முன்னால் நசுங்கிக்கொடுக்க ஒரு பானெட்டாவது இருக்கிறது. பைக்கில் முன்னால் இருப்பது ஹெட்லைட், அதற்குப் பின்னால் நம் நெஞ்சு.

உயரமான விலங்குகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூஸ், ஒட்டகம் போன்றவற்றின் உடல் நம் தலை மட்டத்தில் இருக்கிறது. பைக் மோதுவது கால்களில். கால் வாரிவிடப்பட்ட உடல் முழுவதும் ஓட்டுநர்மேல் வந்து விழும். காட்டுப்பன்றி இதற்கு நேர்மாறு: தாழ்ந்த, கெட்டியான உடம்பு, முன் சக்கரம் அதில் ஏறினால் ஹேண்டில் கையைவிட்டுப் போய்விடும். மானும் கங்காருவும் எடை குறைவுதான், ஆனால் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வருகின்றன. முன் சக்கரத்தை ஓரமாக இடித்துத் தள்ள 30 கிலோ போதும்.

எங்கே, எப்போது

பெரிய தாவர உண்ணிகள் பலவும் விடிகாலையிலும் அந்திப் பொழுதிலும்தான் அதிகம் நடமாடுகின்றன. மனிதக் கண் மிக மோசமாக வேலை செய்வதும் அதே நேரத்தில்தான். முழு இருட்டில் ஹெட்லைட் உதவுகிறது, பகலில் சூரியன் உதவுகிறது. அந்தியில் இரண்டும் அரைகுறை. பயணத்தைத் திட்டமிடும்போது இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்க முடிந்தால், மற்ற எல்லா முன்னெச்சரிக்கையையும்விட அது பெரிது. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே ஓரிடத்தில் நிறுத்தி, தேநீர் குடித்து, இருட்டிய பின் மெதுவாகத் தொடர்வது என் வழக்கம்.

சாலைக்கு விலங்குகள் வருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவை தெரிந்தால் இடத்தை ஊகிக்கலாம். தார் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்திருப்பதால் குளிர்ந்த இரவில் மாடுகள் அதன்மேல் வந்து படுக்கின்றன. மழைநீர் சாலையிலிருந்து வழிந்து ஓரத்தில் சேர்வதால் வறட்சியிலும் அங்கே புல் பச்சையாக இருக்கும். மேய வருகிற கங்காருக்களை ஆஸ்திரேலிய சாலையோரங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். பனி உருகுவதற்காக உப்பு தூவுகிற குளிர் நாடுகளில் அந்த உப்பை நக்கவே மூஸ் சாலையில் நிற்கும். ஓடை குறுக்கே போகும் பாலம், காட்டுத் துண்டு ஒன்று சாலையைத் தொட்டு மறுபுறம் தொடரும் இடம், வேலி திடீரென்று முடியும் இடம் ஆகிய மூன்றையும் கண்டாலே வேகத்தைக் குறையுங்கள். வேலி முடியும் இடம் முக்கியம். வேலியை ஒட்டி நடந்துவந்த விலங்கு அதன் முனையில்தான் கடக்கும்.

காலமும் உண்டு. குளிர்ப் பிரதேச மான்கள் வடக்கு அரைக்கோளத்தில் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் இணை சேர்கின்றன. அப்போது பெண் மானைத் துரத்தும் ஆண் மான் சாலையையும் பார்ப்பதில்லை, வண்டியையும் பார்ப்பதில்லை.

எச்சரிக்கைப் பலகையில் மான் படம் இருந்தால் அது அழகுக்கு வைத்ததில்லை. அங்கே ஏற்கெனவே யாரோ மோதியிருப்பார்கள், அல்லது கடக்கும் தடம் அங்கே இருக்கும். தாரில் பழைய டயர் இழுப்புத் தடங்கள், புதுச் சாணம், ஓரத்தில் செத்துக்கிடக்கும் விலங்கு ஆகியவையும் பலகைதான்.

வேகத்தை வெளிச்சம் தீர்மானிக்கட்டும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

உலர்ந்த தார், நல்ல டயர், பழகிய கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க 1.5 நொடி ஆகிறது. பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது. இந்தக் கணக்கில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் நிற்க 45 மீட்டர் வேண்டும். 80-இல் போகிறவருக்கு 69 மீட்டர். 100-இல் ஏறக்குறைய 97 மீட்டர். டிம்மில் இருக்கும் ஹெட்லைட் ஒரு கறுத்த உருவத்தைக் காட்டுவது நல்ல நிலையிலேயே சுமார் 50 மீட்டர் தூரத்தில்தான். அப்படியானால் டிம் லைட்டில் 80-இல் போகிறவர் வெளிச்சத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி, பார்த்தபிறகு நிற்க அவருக்கு இடமே இல்லை.

இதே கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 45 மீட்டருக்கு அப்பால் ஒரு மாடு நிற்கிறது. 60-இல் வந்தவர் அதை உரசுகிற தூரத்தில் நின்றுவிடுகிறார். 80-இல் வந்தவரும் அதே இடத்தில் பார்த்து, அதே பலத்தோடு பிரேக் பிடிக்கிறார். மாட்டை எட்டும்போது அவருடைய வேகம் இன்னும் மணிக்கு 65 கிலோமீட்டர். பார்த்துப் புரிந்துகொள்ளும் அந்த ஒன்றரை நொடியிலேயே அவர் 33 மீட்டர் கடந்துவிட்டார். 60-க்கும் 80-க்கும் நடுவே இருப்பது 20 இல்லை, உயிர்.

அதனால் விலங்கு உலவும் இடத்தில் இரவில் டிம்மில் 60-க்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு. மழையில் அதையும் குறையுங்கள். எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுங்கள்.

இரண்டு விரலை முன் பிரேக் லீவர்மேல் வைத்துக்கொண்டே ஓட்டினால் அந்த 1.5 நொடி ஒரு நொடியாகக்கூடக் குறையலாம். 60-இல் அரை நொடி என்பது 8 மீட்டர். விரலை நகர்த்தி வைப்பதற்குக் காசு பணம் எதுவும் ஆகாது.

புறப்படுமுன் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசரைத் துடையுங்கள். கீறல் விழுந்த வைசர் எதிர் வெளிச்சத்தை நட்சத்திரமாகச் சிதறடிக்கும். இரவில் கறுப்பு வைசர் கூடவே கூடாது. பின்னால் ஆளோ மூட்டையோ ஏறினால் பைக்கின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டும். சுமை ஏற்றியபின் சுவரில் வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஹெல்மெட் முழுமுகமாக இருக்கட்டும். ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் வழக்கம்போல. விலங்கை விரட்டும் என்று சொல்லி பைக்கில் ஒட்டுகிற விசில்களை நம்பாதீர்கள். மான்கள்மேல் செய்த சோதனைகளில் அவற்றால் பலன் தெரியவில்லை.

கண்ணுக்கு வேலை கொடுங்கள்

மாடு, மான், குதிரை இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதனால்தான் இருட்டில் கண்கள் இரண்டு பொட்டாக மின்னுகின்றன. ஆனால் அதை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பன்றிக்கு அந்தப் படலமே இல்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் மாட்டின் கண் மின்னாது. மூஸின் கண் பல நேரம் ஹெட்லைட் கற்றைக்கு மேலேயே இருந்துவிடும். என் எருமையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

கண்ணைவிட நல்ல அடையாளம், இருக்கவேண்டியது இல்லாமல் போவது. சாலையோர வெள்ளைக் கோடு நடுவில் அறுந்து தெரிந்தால் அதன்மேல் ஏதோ நிற்கிறது. தூரத்தில் வரும் வண்டியின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் அதற்கும் உங்களுக்கும் நடுவே கால்கள் கடந்துபோயிருக்கும். எதிரே வருகிறவர் விளக்கை மினுக்கிக் காட்டினால் காரணத்தை யோசிக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது சாலையின் உங்கள் பக்க ஓரக் கோட்டைப் பாருங்கள், விளக்கைப் பார்க்காதீர்கள். அது கடந்துபோன பிறகு வரும் சில நொடிகள்தான் மிக மோசமானவை. கண் தெளியும்வரை ஆக்சிலேட்டர் வேண்டாம்.

முன்னால் ஒரு காரை விட்டுப் பின்தொடர்வது நல்ல வழிதான். அதன் வெளிச்சமும் உதவும். ஆனால் மூன்று நொடி இடைவெளியாவது விடுங்கள். மான் பல நேரம் முதல் வண்டி போனதும்தான் பாய்கிறது. நண்பர்களோடு கூட்டமாகப் போகும்போதும் இதேதான்: அந்தி நேரத்தில் இடைவெளியைக் கூட்டுங்கள், முன்னால் போகிறவர் கையைக் காட்டினால் ஏன் என்று கேட்காமல் எல்லோரும் குறையுங்கள்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி

மாடும் எருமையும் நிதானம். நடக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் அதே திசையில் நடந்து முடிக்கும், பின்வாங்குவது குறைவு. அதனால் நடைவேகத்துக்கு இறங்கியபின் அதன் வால் பக்கமாகக் கடப்பது சரி. சாலையில் படுத்திருக்கும் மாட்டை நெருங்கும்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மாடு எழும்போது முதலில் பின்னங்காலைத்தான் ஊன்றும். இடுப்பு தூக்கினால் அடுத்த நொடியில் அது நடக்கப்போகிறது என்று அர்த்தம். குதிரை இதற்கு நேர்மாறாக முன்னங்காலை ஊன்றி எழும். கன்று ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் நடுவே நுழையாதீர்கள்; அவற்றில் ஒன்று கட்டாயம் குறுக்கே ஓடும்.

மானை நம்பவே முடியாது. பாதி கடந்து, பயந்து, வந்த வழியே திரும்பும். ஒன்று கடந்துவிட்டால் அப்பாடா என்று வேகம் எடுக்காதீர்கள், பின்னாலேயே இரண்டாவது வரும், மூன்றாவது வரும். இருட்டுக்குப் பழகிய அதன் கண்ணில் ஹை பீம் பட்டால் அப்படியே உறைந்து நிற்கும். வேகத்தைக் குறைத்து டிம்முக்கு இறக்கினால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். காட்டுப்பன்றியும் பெரும்பாலும் வரிசையாகத்தான் வரும்.

ஒட்டகம் மெதுவாக, கூட்டமாகக் கடக்கும். மணல் நிற உடல் இரவில் கரைந்துவிடும். ஹெட்லைட்டுக்குத் தெரிவது ஒல்லியான கால்கள் மட்டும்தான். சாலையில் செங்குத்தாகக் கம்புகள் நிற்பதுபோலத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

குதிரை சத்தத்துக்கு மிரளும். யாராவது அதன்மேல் ஏறிப் போனால் மிரட்சியின் விலையை அவர்தான் கொடுப்பார். பிரிட்டனின் சாலை விதிநூல் குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகவேண்டாம் என்றும் குறைந்தது 2 மீட்டர் விலகிப் போகவேண்டும் என்றும் சொல்கிறது. அது எந்த நாட்டுக்கும் பொருந்தும். எஞ்சினை உறுமவிடாதீர்கள்.

யானையும் காட்டெருமையும் வேறு கணக்கு. இங்கே மோதல் மட்டும் ஆபத்து இல்லை, அவை நம்மேல் வரக்கூடும். கண்ட உடனே நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடட்டும், ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். முடிந்தால் பைக்கைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் பைசன் காட்டெருமையிடமிருந்து குறைந்தது 25 கஜம், அதாவது 23 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. யானை என்றால் எனக்கு அது போதாது. நூறு மீட்டருக்குக் குறைந்து நான் நிற்கமாட்டேன். அது போகும்வரை காத்திருங்கள். அரை மணி ஆனாலும் சரி.

மேய்ப்பவரோடு வரும் மந்தையா? நிறுத்துங்கள், அவருடைய கையைப் பாருங்கள். எந்தப் பக்கம் போகலாம் என்று அவருக்குத் தெரியும்.

கண்ணில் பட்டுவிட்டது. இப்போது?

பிரேக். முதலில் பிரேக், கடைசியிலும் பிரேக். வளைத்து ஓடித் தப்பிக்கலாம் என்று கை துடிக்கும். அதை அடக்குவதுதான் கடினம்.

1997-இல் ஒரு ஸ்வீடன் கார் பத்திரிகை, திடீரென்று எதிர்ப்படும் மூஸைச் சுற்றி வளைப்பதுபோன்ற சோதனையில் புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை ஓட்டியபோது அது கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரில், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு பொருத்தப்பட்டது. நான்கு சக்கரம் இருந்த வண்டிக்கே அந்த நிலை. பைக்கை வளைத்தால் டயரின் பிடிப்பில் ஒரு பங்கு வளைவதற்குப் போய்விடும், நிற்பதற்கு மிச்சம் குறைவு. போதாததற்கு விலங்கும் அதே பக்கம் பாயலாம். எதிரே லாரி வரலாம்.

பைக்கை நேராக்குங்கள். வளைவில் இருந்தால் முதலில் நிமிர்த்திவிட்டு அப்புறம் முழு பிரேக். முன் பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல் எலுமிச்சையைப் பிழிவதுபோல அழுத்துங்கள். எடை முன் சக்கரத்துக்கு வந்து டயர் தரையில் அமர ஒரு கணம் வேண்டும், அதற்குப்பின் முழு பலத்தையும் தாங்கும். பின் பிரேக்கும் கூடவே. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் லீவர் அதிர்வதைக் கண்டு விடாதீர்கள், அழுத்தியபடியே இருங்கள். அது இல்லாத பைக்கில் முன் சக்கரம் சுழலாமல் சறுக்கினால் ஒரு நொடிக்கும் குறைவாக விட்டு மறுபடி பிழியுங்கள். கிளட்சையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்வை விலங்கின்மேல் இருக்கக்கூடாது. கண் எங்கே போகிறதோ பைக் அங்கே போகும். அதன் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். வேகம் நடைவேகத்துக்கு இறங்கி, இடமும் இருந்தால், அப்போது மெதுவாக ஒதுங்கலாம்.

இதையெல்லாம் படித்தால் வராது. ஆளில்லாத மைதானத்திலோ காலி இடத்திலோ 30-இல் தொடங்கி, 40, 60 என்று கூட்டிக்கொண்டே நிறுத்திப் பாருங்கள். மாதம் ஒருமுறை பத்து தடவை. கை கற்றுக்கொண்டதுதான் அந்த நொடியில் வேலை செய்யும், மூளை அப்போது வெறும் பார்வையாளர்.

மோதல் தவிர்க்கமுடியாது என்றால்

பைக்கைச் சாய்த்துப் படுக்கப்போட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறு. டயர் பிடித்து நிறுத்துவதுபோல இரும்பு உரசி நிறுத்தாது. சறுக்கிக்கொண்டு போய்ச் சேர்வதும் விலங்கின் குளம்புக்கடியில்தான். கடைசிக் கணம்வரை நிமிர்ந்த நிலையிலேயே பிரேக் பிடியுங்கள். முழங்காலால் டேங்கை இறுக்குங்கள், முகவாயைச் சற்று உள்ளே இழுங்கள். மோதும்போது வேகம் பாதியாக இருந்தால் மோதலின் ஆற்றல் கால்வாசிதான். கடைசி ஐந்து மீட்டர் பிரேக்குக்கும் அதனால் மதிப்பு உண்டு.

அதன்பிறகு

விழுந்தவர் உடனே துள்ளி எழாதீர்கள். விரல், கால், கழுத்து ஒவ்வொன்றாக உணர்கிறீர்களா என்று பாருங்கள். ஆனால் சாலை நடுவில் கிடக்கவும் கூடாது, முடிந்தால் ஓரத்துக்கு நகருங்கள். உடன் வந்தவருக்கு அடிபட்டிருந்தால், மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். உதவிக்கு அழையுங்கள், இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம் உட்பட பல நாடுகளில் 112 வேலை செய்யும். அடிபட்ட விலங்கு அருகில் போகாதீர்கள். வலியில் அது உதைக்கும், முட்டும். காவல்துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லி, அவர்களை வரவிடுங்கள்.

பின்னால் வருகிறவர்களை எச்சரிப்பதுதான் அடுத்த வேலை. இண்டிகேட்டர் இரண்டையும் எரியவிடுங்கள். நூறு மீட்டர் பின்னால் போய், சாலைக்கு வெளியே நின்று, விளக்கை ஆட்டிக் காட்டுங்கள். மோதாமல் தப்பினாலும் இது பொருந்தும். விலங்கு இன்னும் சாலையில்தானே நிற்கிறது?

அன்று பைக்கை ஓரங்கட்டியபோது என் கை நடுங்கியதில் சாவியைத் திருப்ப இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. அந்த நிலையில் ஓட்டக்கூடாது என்று தெரிந்ததால் அங்கேயே நின்றேன். இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் தெரிந்தது, ஒன்றில்லை, நான்கு எருமைகள். இரண்டு படுத்தே கிடந்தன. போன் விளக்கை எடுத்துக்கொண்டு வளைவுக்கு முன்னால் போய் நின்று வருகிற வண்டிகளுக்கெல்லாம் ஆட்டினேன். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள், ஆனால் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு சிறுவன் கம்போடு வந்து நான்கையும் ஓட்டிக்கொண்டு போனான். அப்புறம்தான் பைக்கைக் கிளப்பினேன்.